கராஜ் கதவு தூக்க மாட்டேங்குதா? ஸ்பிரிங்கா, கேபிளா, மோட்டாரான்னு கண்டுபிடிச்சு சரி பண்ற வழி

கராஜ் கதவு திறக்கலன்னா எல்லாரும் முதல்ல சந்தேகப்படுறது மோட்டாரைத்தான். ரிமோட்ல பேட்டரி மாத்துவாங்க, ப்ளக்கைப் புடுங்கி திரும்ப சொருகுவாங்க, அதுவும் சரிவரலன்னா ஃபோர்ஸ் செட்டிங்கைத் திருகி ஏத்தி விடுவாங்க. ஆனா கதவோட எடையைத் தாங்குறது மோட்டாரே கிடையாது, ஸ்பிரிங்தான். 70 கிலோ கதவா இருந்தாலும் ஸ்பிரிங் ஒழுங்கா இருந்தா ஒத்தைக் கையால தூக்கிடலாம், மோட்டார் அந்த மிச்சம் மீதி கொஞ்ச எடையை இழுக்குறதோட சரி. ஸ்பிரிங் செத்த பிறகு மோட்டார் ஃபோர்ஸை ஏத்தி ஓட்டுனா உள்ள இருக்குற பல்சக்கரம் தேஞ்சு அதுவும் போயிடும், ஒரு செலவு ரெண்டு செலவாகும்.

அதனால எந்த அறிகுறியா இருந்தாலும் முதல் வேலை, மோட்டாரைக் கழட்டி விட்டுட்டு கதவைக் கையால தூக்கிப் பாக்குறது. கதவு முழுசா மூடியிருக்கும்போது ஓப்பனர் (கதவை இழுக்குற மோட்டார் பெட்டி) ப்ளக்கைப் புடுங்கிட்டு, தொங்குற சிவப்புக் கயிறை இழுத்தா கதவு மோட்டார்ல இருந்து விடுபட்டுடும். மெதுவா இடுப்பு உயரத்துக்குத் தூக்கி கையைக் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்திப் பாருங்க, கதவுக்கு அடியில கையை வைக்காம. அங்கயே நின்னா ஸ்பிரிங் நல்லா இருக்கு. கீழ இறங்கப் பாத்தா ஸ்பிரிங் தளர்ந்துடுச்சு. தானா மேல ஏறுனா முறுக்கு ஜாஸ்தி. தூக்கவே முடியலன்னா உடைஞ்சிருக்கு.

கதவு திறந்து மேல நிக்கும்போது அந்தக் கயிறை இழுக்கவே கூடாது. ஸ்பிரிங் உடைஞ்சிருந்தா மொத்தக் கதவும் மோட்டார் பிடிப்புல மட்டும் நிக்குது, கயிறை இழுத்த அடுத்த நொடி கீழ வந்துடும், கீழ யார் நிக்குறாங்கன்னு அதுக்குத் தெரியாது. மேலயே மாட்டிக்கிட்ட கதவுன்னா முதல்ல ரெண்டு பக்கமும் கீழ் ரோலருக்கு (கதவோரத்துச் சின்னச் சக்கரம்) அடியில ட்ராக்ல (அந்தச் சக்கரம் ஓடுற இரும்புத் தடம்) லாக்கிங் பிளையரை (பிடிச்சா அப்படியே பூட்டிக்கிற பிளையர்) இறுக்கிட்டு மத்ததை யோசிங்க.

உங்க கதவுல எந்த வகைன்னும் பாத்துக்கோங்க. கதவுக்கு மேல சுவத்தோட ஒட்டி ஒரு இரும்பு ஷாஃப்ட், அதுல கோத்த மாதிரி ஒண்ணோ ரெண்டோ தடி ஸ்பிரிங் இருந்தா டார்ஷன். ரெண்டு பக்கமும் படுக்கை ட்ராக்குக்கு மேல நீளமா இழுத்துக் கட்டுன ஸ்பிரிங்கா இருந்தா எக்ஸ்டென்ஷன். ஷாஃப்ட் இருக்கு ஆனா ஸ்பிரிங் கண்ணுலயே படல, வெறும் குழாய் மாதிரி இருக்குன்னா ஸ்பிரிங் அந்தக் குழாய்க்குள்ள இருக்குற மாடல், அதை முறுக்குற விதமே வேற, கீழ சொல்லப் போற வேலை அதுக்குப் பொருந்தாது.

"டமார்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, கராஜ்ல போய்ப் பாத்தா ஒண்ணும் விழல"

டார்ஷன் ஸ்பிரிங் உடைஞ்ச சத்தம் அது. கதவு மூடியிருக்கும்போதுதான் ஸ்பிரிங் முழு முறுக்குல இருக்கு, அதனால யாரும் தொடாத நேரத்துல, ராத்திரியில கூட உடையும். ஷாஃப்டை ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் டார்ச் அடிச்சுப் பாருங்க, சுருள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியே போயிட்டு இருக்கும்போது திடீர்னு ஒரு ரெண்டு இன்ச் இடைவெளி தெரியும், அதுதான் உடைஞ்ச இடம். வேற எதுவும் பாக்கத் தேவையில்ல, ஸ்பிரிங் மாத்தணும்.

"மோட்டார் ஓடுது, கதவு கொஞ்சம் தூக்கி அப்படியே நின்னுடுது"

ஒரு அரை அடி தூக்கிட்டு நிக்குதுன்னா எடை தாங்காம மோட்டாரே தன்னைக் காப்பாத்திக்க நின்னுடுதுன்னு அர்த்தம். கைச் சோதனை பண்ணுங்க, கதவு கல்லு மாதிரி கனமா இருந்தா ஸ்பிரிங். கை சோதனையில கதவு லேசா வருது, மோட்டாரோட சேர்த்தா மட்டும் நிக்குதுன்னா ஸ்பிரிங்கைத் தொடாதீங்க, பிரச்சினை ஓப்பனர் பக்கம்தான். திறக்கும்போது சரியா இருக்கு, மூடும்போது மட்டும் பாதி வந்துட்டு திரும்ப மேல போகுதுன்னா பெரும்பாலும் தரைக்கிட்ட ரெண்டு பக்கமும் இருக்குற சென்சார் கண்ணாடியில தூசி, இல்லன்னா ஒண்ணுக்கொண்ணு நேரா பாக்கல. துணியால தொடச்சு நேராக்கிட்டுப் பாருங்க.

"கதவு ஒரு பக்கம் சாஞ்சு ஏறுது"

இதுல அவசரப்பட்டு ஸ்பிரிங் வாங்கிடக் கூடாது. எக்ஸ்டென்ஷன் வகைன்னா ஒரு பக்க ஸ்பிரிங் உடைஞ்சோ தளர்ந்தோ இருக்கும், பாத்ததும் தெரிஞ்சுடும். டார்ஷன்ல ஒரே ஷாஃப்ட்தான் ரெண்டு பக்க டிரம்மையும் (கதவைத் தூக்குற கேபிள் சுத்திக்கிற உருளை) சுத்துது, அதனால ஸ்பிரிங் ஒண்ணு உடைஞ்சாலும் கதவு சாயாது, மொத்தமா கனமாகும் அவ்வளவுதான். சாயுதுன்னா கேபிள் டிரம்மை விட்டு வெளிய வந்திருக்கணும், இல்ல இழை இழையா பிரிஞ்சு அறுந்திருக்கணும், இல்ல டிரம்மை ஷாஃப்டோட பிடிச்சிருக்குற செட் ஸ்க்ரூ தளர்ந்து டிரம் ஷாஃப்ட் மேல வழுக்குது. ஷாஃப்ட்ல புதுசா சுத்திக் கீறுன பளபள கோடு தெரிஞ்சா மூணாவதுதான். சாஞ்ச கதவை மோட்டாரால ஓட்டவே ஓட்டாதீங்க, ரோலர் ட்ராக்கை விட்டு வெளிய வந்துடும்.

"ஏறும்போது கிறீச் கிறீச்னு சத்தம்"

சத்தம் மட்டும்தான், கைச் சோதனை பாஸ்னா வெறும் எண்ணெய்ப் பிரச்சினை. கதவுக்குன்னு விக்குற லூப்ரிகன்ட் ஸ்ப்ரேயோ லேசான மோட்டார் ஆயிலோ ஸ்பிரிங் மேல, ரோலர் பேரிங்ல, ஓரத்து பேரிங்ல போடுங்க. ட்ராக்குக்குள்ள போடாதீங்க, அழுக்கு சேர்ந்து ஒட்டும். ஆனா சுருள்ல துரு செதில் செதிலா இருந்தாலோ, முறுக்கு இருக்கும்போதே சுருள்களுக்கு நடுவுல எங்கயாவது வெளிச்சம் தெரிஞ்சாலோ நாள் எண்ணிட்டு இருக்குன்னு வச்சுக்கோங்க.

"உடையல, ஆனா கதவு வருஷா வருஷம் கனமாயிட்டே போகுது"

சாதாரண ஸ்பிரிங்குக்குக் கணக்கு 10,000 சுற்று, ஒரு தடவை திறந்து மூடுனா ஒரு சுற்று. ஒரு நாளைக்கு 4 தடவைன்னா 2,500 நாள், ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. 8 தடவை திறக்குற வீடுன்னா மூணரை வருஷம்தான். அந்த வயசை நெருங்குன ஸ்பிரிங்குக்குக் கால் சுத்து கூட முறுக்கி ஒப்பேத்துறது என்னைக் கேட்டா வீண், மாத்திடுங்க. ரெண்டு ஸ்பிரிங் இருந்து ஒண்ணு மட்டும் உடைஞ்சாலும் ரெண்டையும் மாத்துங்க, ரெண்டும் ஒரே எண்ணிக்கை சுத்துனதுதான், மிச்சம் இருக்குறது சீக்கிரமே அதே வழிக்குப் போகும்.

இன்னொரு விஷயம், ஸ்பிரிங்ல அடங்கியிருக்குற சக்தி பத்தி. 70 கிலோ கதவைத் தாங்குற டார்ஷன் ஸ்பிரிங்ல முழு முறுக்குல சேர்ந்திருக்குற சக்தி சுமார் 800 ஜூல். அதே 70 கிலோவை ஒரு மீட்டருக்கு மேல தூக்கிக் கீழ போட்டா என்ன அடி விழுமோ அவ்வளவு. ஏமாத்துறது என்னன்னா, 18 இன்ச் வைண்டிங் பாரை (ஸ்பிரிங்கை முறுக்குற கம்பி) பிடிச்சு முறுக்கும்போது கைக்கு அது பெருசா தெரியாது, பத்து கிலோவுக்குள்ளதான் இழுக்கும், ஆகா இவ்வளவுதானான்னு தோணும். பார் ஓட்டையை விட்டு வழுக்குச்சுன்னா அந்த 800 ஜூலும் ஒரே அடியா அந்தப் பார்ல வரும். ஸ்க்ரூட்ரைவர் வச்சு முறுக்குறதை எந்த வீடியோவுல பாத்தாலும் மூடிட்டுப் போயிடுங்க. கோன்ல (ஸ்பிரிங் நுனியில மாட்டியிருக்குற உலோகத் துண்டு) இருக்குற ஓட்டைக்கு அளவா, வழக்கமா அரை இன்ச் கனத்துல, உருட்டு இரும்புக் கம்பி ரெண்டு வேணும், இது இல்லாம வேலையே ஆரம்பிக்காதீங்க.

அளவு எடுக்குறது

பாதிப் பேர் கோட்டை விடுறது இங்கதான். நாலு அளவு வேணும்: கம்பியோட கனம், உள் விட்டம், நீளம், எந்தப் பக்கச் சுருள்.

கம்பி கனத்தை ஒத்தைக் கம்பியில அளந்து பிரயோஜனம் இல்ல. 0.243 இன்ச் கம்பிக்கும் 0.250 இன்ச் கம்பிக்கும் வித்தியாசம் 0.18 மில்லிமீட்டர், கண்ணுக்கும் தெரியாது சாதா ஸ்கேலுக்கும் தெரியாது. ஆனா முறுக்கு விசை கம்பி கனத்தோட நாலாம் அடுக்குல ஏறும், அதனால மத்த அளவெல்லாம் ஒண்ணா இருந்தும் இந்த ரெண்டுக்கும் விசையில 12 சதவீதம் வித்தியாசம் வரும், 70 கிலோ கதவுல அது எட்டு கிலோ. அதுக்குத்தான் ஒட்டியிருக்குற இடத்துல 20 சுருளை எண்ணி மொத்தமா அளக்குறது. 0.243 கம்பின்னா 20 சுருள் 4 7/8 இன்ச் வரும், 0.250ன்னா சரியா 5 இன்ச். ஸ்கேல்ல கிட்டத்தட்ட மூணரை மில்லிமீட்டர் தள்ளி நிக்கும், நல்லாவே தெரியும். ஒருமுறை 10 சுருளையும் அளந்து இரட்டிச்சுப் பாருங்க, ஒத்துப் போகலன்னா எண்ணுனது தப்பு.

உள் விட்டம் பெரும்பாலும் கோன் மேலயே அச்சு போட்டிருக்கும், 175ன்னா ஒண்ணே முக்கால் இன்ச், 200ன்னா 2 இன்ச். நீளத்தை முறுக்கு முழுசா எறக்குன பிறகுதான் எடுக்கணும், முறுக்கி இருக்கும்போது ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு கம்பி கனம் நீண்டுடும், ஏழரை சுத்துல கிட்டத்தட்ட 2 இன்ச் பொய் சொல்லும். உடைஞ்சதுன்னா ரெண்டு துண்டையும் சேர்த்து ஒட்டி வச்சு அளங்க, கோனை விட்டுட்டு சுருள் மட்டும். இடமா வலமான்னு குழம்பாம இருக்க, பழசைக் கழட்டும்போதே எது எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு மார்க்கர்ல எழுதி வச்சுடுங்க. ஸ்பிரிங்கை நிமித்தி வச்சுப் பாத்தா முன்பக்கக் கம்பி வலது பக்கமா ஏறுனா வலச் சுருள், இடது பக்கமா ஏறுனா இடச் சுருள். கோன்ல சிவப்புன்னா வலம், கறுப்புன்னா இடம்னு ஒரு வழக்கம் இருக்கு, ஆனா யாராவது மேல பெயின்ட் அடிச்சிருந்தா போச்சு, கம்பியையே நம்புங்க.

டார்ஷன் ஸ்பிரிங் மாத்துறது

கதவு மூடி, ப்ளக் புடுங்கி, ரெண்டு பக்க ட்ராக்லயும் ஒரு ரோலருக்கு நேர் மேல லாக்கிங் பிளையர். இது எதுக்குன்னா முறுக்கும்போது கதவு தானா மேல எழும்பக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி. ஏணியை ஸ்பிரிங்குக்கு நேர் கீழ போடாம கொஞ்சம் தள்ளிப் போடுங்க, பார் சுத்துற வட்டத்துக்குள்ள முகமோ தோளோ வரவே கூடாது.

ரெண்டுல ஒண்ணு உடைஞ்சிருந்தா இன்னொண்ணு முழு முறுக்குல உக்காந்திருக்கும், மொத்த வேலையில பயப்பட வேண்டிய இடம் அதை எறக்குறதுதான். முதல் பாரை ஓட்டையோட அடி தட்டுற வரைக்கும் உள்ள சொருகி, லேசா மேல தள்ளிப் பாரத்தைக் கையில வாங்கிக்கோங்க. அப்புறம்தான் கோனோட செட் ஸ்க்ரூவைத் தளர்த்தணும். தளர்ந்ததும் பார் கீழ இழுக்கும், கால் சுத்து மெதுவா எறக்குங்க, ரெண்டாவது பாரை அடுத்த ஓட்டையில முழுசா சொருகி பாரத்தை அதுக்கு மாத்திட்டு முதல் பாரை உருவுங்க. 7 அடி கதவுன்னா இப்படி சுமார் 30 தடவை. அவசரம் வேண்டாம், நடுவுல ஃபோன் அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும்.

முறுக்கு போன பிறகு பயம் இல்ல. நடு பிராக்கெட்ல ஸ்பிரிங்கோட நிலைக் கோனை (சுத்தாம நிக்குற முனைக் கோன்) பிடிச்சிருக்குற ரெண்டு போல்ட்டைக் கழட்டி, டிரம் செட் ஸ்க்ரூவைத் தளர்த்தி கேபிளை எடுத்துட்டு, ஷாஃப்டைக் கொஞ்சம் ஒரு பக்கமா தள்ளுனா டிரம், ஸ்பிரிங் எல்லாம் உருவிடலாம். வராம சிக்குச்சுன்னா பழைய ஸ்க்ரூ ஷாஃப்ட்ல கிளப்புன பிசிர்தான் காரணம், அரம் போட்டுத் தேச்சுட்டு உருவுங்க, சுத்தியலால அடிக்காதீங்க. நடுப் பேரிங்கையும் கையோட மாத்திடுங்க, திரும்ப இதைக் கழட்டப் போறதில்ல.

புதுசை அதே பக்கத்துல கோத்து, நிலைக் கோனை பிராக்கெட்டோட போல்ட் போட்டு, டிரம்மை ஓரத்து பேரிங்கை ஒட்டித் தள்ளி கேபிளை அதோட பள்ளத்துல உக்கார வைங்க. ஒரு பக்க டிரம்மை இறுக்கிட்டு, ஷாஃப்டைக் கையால திருப்பி கேபிள் விறைப்பா நிக்கும்போது ஷாஃப்ட்ல இன்னொரு லாக்கிங் பிளையரைப் போட்டு அது திரும்பாம சுவத்துல முட்டுக் குடுங்க. அதே விறைப்புக்கு அடுத்த பக்கக் கேபிளையும் இழுத்து அந்த டிரம்மை இறுக்குங்க. ரெண்டு கேபிளையும் விரலால சுண்டிப் பாருங்க, ஒண்ணு தொளதொளன்னு ஒண்ணு விறைப்பா இருந்தா நாளைக்கு கதவு சாயும்.

முறுக்குறதுக்கு முன்னாடி ஸ்பிரிங் முழு நீளத்துக்கும் சாக்பீஸ்ல ஒரு நேர்கோடு போடுங்க. முறுக்க முறுக்க அந்தக் கோடு கம்பத்துல சுத்துன கொடி மாதிரி வளைஞ்சு ஏறும், எத்தனை வளையம் தெரியுதோ அத்தனை சுத்து, எண்ணிக்கை மறந்தாலும் கோடு மறக்காது. நமக்கு நேரா இருக்குற பார் கீழ இருந்து மேல போற மாதிரி முறுக்கணும். 4 இன்ச் டிரம்மோட 7 அடி கதவுக்கு ஏழரை சுத்து, 8 அடிக்கு எட்டரை. இந்த எண் எங்கிருந்து வருதுன்னா, 4 இன்ச் டிரம் ஒரு சுத்துக்கு சுமார் 12.6 இன்ச் கேபிளைச் சுத்தும், 84 இன்ச் கதவுக்கு ஆறே முக்கால் சுத்து ஆகுது, மேல ஒரு முக்கால் சுத்து கதவு முழுசா திறந்த பிறகும் கேபிள் தளராம இருக்க. உங்க டிரம் அளவு வேறன்னா இதே கணக்கைப் போட்டுக்கோங்க. ரெண்டு ஸ்பிரிங்குக்கும் ஒரே எண்ணிக்கை.

முறுக்கி முடிச்சதும் கோனை வெளிப்பக்கமா ஒரு கால் இன்ச் தட்டி விட்டுட்டு செட் ஸ்க்ரூவை இறுக்குங்க. ஷாஃப்டைத் தொட்ட பிறகு அரை சுத்து போதும், வெறி கொண்டு இறுக்குனா ஷாஃப்ட் நசுங்கும். பாரை உருவுறதுக்கு முன்னாடி மெல்லத் தளர்த்திப் பாருங்க, கோன் நகரக் கூடாது. ஷாஃப்ட் பிளையரையும் ட்ராக் பிளையரையும் எடுக்க மறக்காதீங்க.

எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங்குன்னா

இது எளிசு, ஏன்னா கதவு முழுசா திறந்திருக்கும்போது ஸ்பிரிங்ல இழுவையே இருக்காது. உடைஞ்ச கதவு கனமா இருக்கும், ரெண்டு ஆள் சேர்ந்து தூக்கி, கீழ் ரோலருக்கு அடியில ரெண்டு பக்கமும் கிளாம்ப் இறுக்கி, கூடவே ஒரு மரக்கட்டை முட்டும் குடுங்க. கொக்கி எந்த ஓட்டையில இருந்துச்சுன்னு குறிச்சுட்டுக் கழட்டுங்க. புது ஸ்பிரிங்கோட நுனியில ஒரு நிறம் இருக்கும், அது கதவு எடை, பத்துப் பத்து பவுண்டா ஏறும்: பச்சை 120, மஞ்சள் 130, நீலம் 140, சிவப்பு 150. பழசுல நிறம் அழிஞ்சிருந்தா ஸ்பிரிங் இழுவை எதுவும் இல்லாம மூடுன கதவுக்கு அடியில எடை மெஷினை வச்சு அளந்துடுங்க. பாதுகாப்புக் கேபிள் ஸ்பிரிங்குக்கு உள்ளாற போய் ரெண்டு பக்கமும் கட்டியிருக்கணும், இல்லன்னா அடுத்த தடவை உடையும்போது துண்டு பறந்து வரும், கார் கண்ணாடியோட நிக்கும்னு சொல்ல முடியாது. கப்பி ஆடுச்சுன்னா அதையும் மாத்துங்க.

மாத்துன பிறகும் சரியில்லன்னா

திரும்ப அதே கைச் சோதனைதான். பாதியில விட்டா கீழ வருதுன்னா கதவை மூடி, பிளையர் போட்டு, ரெண்டு ஸ்பிரிங்குக்கும் கால் சுத்து ஏத்துங்க. மூடுன கதவு தரையில உக்காராம ஒரு இன்ச் மிதந்து நின்னா கால் சுத்து எறக்குங்க. ஒவ்வொரு தடவையும் கால் சுத்துதான், ரெண்டுலயும் சமமா. ஒரு முழு சுத்துக்கு மேல மாத்த வேண்டி வருதுன்னா ஸ்பிரிங் அளவே தப்பு, முறுக்கிச் சமாளிக்காம திருப்பிக் குடுங்க. முறுக்குன மறுநாளே கேபிள் தளர்ந்து கதவு கனமாயிடுச்சுன்னா செட் ஸ்க்ரூ வழுக்கியிருக்கு, சாக்பீஸ் கோட்டு வளையத்தை எண்ணிப் பாத்தா தெரிஞ்சுடும்.

நடு பிராக்கெட் பதிஞ்சிருக்குற மரம் விரிசல் விட்டிருந்தாலோ, கதவு அடி மூலையில கேபிள் மாட்டுற பிராக்கெட் துருப்பிடிச்சு மெலிஞ்சிருந்தாலோ நீங்களா தொடாதீங்க, தொழில் பண்றவங்களைக் கூப்பிடுங்க. அந்த மூலை பிராக்கெட்ல ஸ்பிரிங்கோட மொத்த இழுவையும் எப்பவும் இருக்கு, முறுக்கு எறக்காம அதுல ஒரு போல்ட்டைக் கூடத் தளர்த்தக் கூடாது.

கையால ஏத்தி எறக்கி திருப்தி ஆன பிறகு ஓப்பனரைத் திரும்ப இணைச்சு, முன்னாடி ஃபோர்ஸை ஏத்தி வச்சிருந்தா அதைப் பழைய அளவுக்கு எறக்குங்க. ஒன்றரை இன்ச் கன மரக்கட்டையைக் கதவு எறங்குற இடத்துல படுக்க வச்சு ரிமோட்ல மூடிப் பாருங்க, கட்டையைத் தொட்டதும் கதவு திரும்ப மேல போகணும். போகாம அமுக்கிட்டே நின்னா ஃபோர்ஸ் இன்னும் ஜாஸ்தியா இருக்கு, இல்ல கீழ் எல்லை தப்பா செட் ஆயிருக்கு, அது சரியாகுற வரைக்கும் கதவைக் கையாலயே திறந்து மூடுங்க.